மருந்துப் பெட்டியில் இல்லாத மாத்திரை

அத்தியாயம் 9

நாற்பது ரொட்டிகள் கரிந்து கிளம்பிய புகைக்கு நடுவில், கையில் நீளப் பலகையோடு திகைத்து நின்ற அடுப்பக்காவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்தப் புகை அடங்கி இன்றோடு ஆறு நாள் ஆகிறது. ஆனால் முதலாளியம்மா அன்று சொன்ன வார்த்தை மட்டும் அடங்குவதாக இல்லை.

"பதினேழு வருஷத்துல நீ ஒரு ரொட்டியைக் கருக விட்டதில்ல. இந்த மாசத்துல மட்டும் இது மூணாவது தடவை. ஒண்ணாந்தேதியிலேருந்து நீ கவுண்டர்ல உக்காரு. அடுப்புக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

இன்று தேதி இருபத்தெட்டு.

கவுண்டரில் உட்கார்வது என்ன கேவலமா என்று நீங்கள் கேட்கலாம். கேவலமெல்லாம் இல்லை. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. ஆனால் நம் அடுப்பக்காவுக்கு அந்தப் பெரிய அடுப்புதான் உயிர். வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்தபோது என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் அவளுக்கு ஞாபகம் இல்லை. அடுப்பு பேக்கரிக்கு வந்து இறங்கிய நாளைக் கேளுங்கள், கிழமையோடு சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் இன்று காலை அதே அடுப்பின் முன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். கூட வேலை செய்பவர்களெல்லாம் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் முதுகுத்தண்டில் குளிர். குரல் கரகரத்துப்போய் ஆண் குரல் மாதிரி கேட்டது. விரல் வீங்கி, கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி இரண்டு மாதமாகிவிட்டது. எல்லாம் தைராய்டு செய்யும் வேலை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை வருடமாக அதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறாள். மாத்திரையின் அளவு போதவில்லை என்று அவள் உடம்பு சொல்கிறது. போதும் என்று டாக்டர் சொல்கிறார்.

"அக்கா, இந்த ரொட்டியைக் கொஞ்சம் பாருங்க. வெளுத்துப்போய் இருக்கு" என்றார் மாவு பிசைகிறவர். ஆள் குட்டையாகத் திரண்டு இருப்பதால் பேக்கரியில் அவருக்கு 'உருண்டை' என்று பெயர். வயது ஐம்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை.

"சூடு பத்தலை."

"வெப்பமானி இருநூத்தி இருபது காட்டுதே! மானி சரியாத்தான் இருக்கு. ரொட்டிதான் சரியில்ல."

"ரொட்டி என்னய்யா பண்ணும் பாவம், பொய்யா சொல்லும்?" அடுப்பக்கா குனிந்து கதவைத் திறந்தாள். உள்ளே அடித்தட்டில் ஒரு காலித் தட்டு சாய்ந்து கிடந்தது. கீழே இருந்து வருகிற சூட்டையெல்லாம் அது மானியின் கம்பிப் பக்கமே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. கம்பி கொதித்தது. மேல்தட்டில் ரொட்டி குளிர்ந்தது.

"மானி கெட்டுப்போகல. குறுக்க எதையோ வெச்சிருக்காங்க. யாரு வெச்சது?"

உருண்டை திருதிருவென்று விழித்தார். "நான்தான்க்கா. கழுவலாம்னு வெச்சேன், மறந்துட்டேன்."

"இந்த வாரம் மறதி என்னோட டிபார்ட்மென்ட். நீங்க வேற போட்டிக்கு வராதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாலு நாளில் கைவிட்டுப் போகிற அடுப்பு என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். வீட்டுக்காரர் வந்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்குகிற உத்தியோகம் என்றாலும் மனுஷர் தரையை விட்டு எகிறாதவர். சட்டைப்பையில் லேப் கவர் எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சா? எவ்வளவு?"

"பத்தொன்பது."

அவள் வாயைப் பிளந்தாள். ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். என்று ஒன்றை அளப்பார்கள். நாலரைக்குள் இருந்தால் நார்மல். அது ஏற ஏற, உடம்புக்குத் தைராய்டு போதவில்லை என்று பொருள். ஆறு வாரம் முன்பு அவளுக்கு மூன்று புள்ளி எட்டு. அதற்கு முந்தின இரண்டு தடவையும் கிட்டத்தட்ட அதேதான். மூன்று தடவையும் டாக்டர் காகிதத்தைப் பார்த்து "நார்மல்" என்றார். மூன்று தடவையும் இவள் "சரிங்க டாக்டர்" என்று எழுந்து வந்தாள். வீட்டில் அவருக்கே 'நார்மல் டாக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு பந்தயம்" என்றார் வீட்டுக்காரர், ஹெல்மெட்டை நீட்டியபடி. "உள்ள போய் நீ ஒரு தடவை 'சரிங்க டாக்டர்'னு சொன்னா ஒரு வாரம் பாத்திரம் நீ தேய்க்கணும்."

"சொல்லலைன்னா?"

"நான் தேய்க்கறேன்."

"எழுதிக் குடுங்க."

"வண்டியில ஏறு முதல்ல!"

டாக்டர் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவர்மேல் எனக்கு ஏதோ கோபம் என்று நினைக்கக் கூடாது. முப்பது வருட அனுபவம். பீஸ் கேட்டு யாரையும் விரட்டியதில்லை. ஒரே ஒரு குறை, ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்த்துவிடுவார்.

இன்றும் அப்படித்தான். காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"ஒரு நாள் கூட விடலைங்க."

"நான் சாட்சி டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். "காலைல வெறும் வயித்துல தண்ணியோட நான்தான் கையில குடுக்கறேன். அரை மணி நேரத்துக்கு வேற எதையும் கண்ணுல கூட காட்டறதில்ல."

"அப்படின்னா லேப்ல ஏதோ தப்பு. ஆறு வாரத்துல மூணு புள்ளி எட்டு எப்படிப் பத்தொன்பதாகும்? ஒரு மாசம் போகட்டும், இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்."

"எனக்குக் குளிருது டாக்டர்."

"வயசுக்கு அதெல்லாம் இருக்கும்மா. எங்க வீட்லயும் இதே பாட்டுதான். எப்பப் பார்த்தாலும் சால்வை, எப்பப் பார்த்தாலும் அசதி. டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு, நார்மல். நடக்கச் சொல்லியிருக்கேன். நீங்களும் நடங்க."

வழக்கமாக இந்த இடத்தில்தான் "சரிங்க டாக்டர்" வரும். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லைங்க டாக்டர்."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடும் மணி மேல் வைத்த கையை எடுத்தார்.

"ஒண்ணாந்தேதி என்னை அடுப்பிலேருந்து எடுத்துடுவாங்க. பதினேழு வருஷமா செய்யற வேலை. நின்னுக்கிட்டே தூங்கறேன், ரொட்டியை வெச்சதே மறந்துபோகுது. நடந்து வாங்கன்னு சொல்றீங்க. நான் மாடிப்படி ஏறவே நடுவுல உக்கார்றேன். மருந்தைக் கொஞ்சம் ஏத்துங்க."

"ஏத்தறது சுலபம்மா." டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ரொம்ப வருஷத்துக்கு முன்னால ஒருத்தருக்கு அவசரப்பட்டு ஏத்தினேன். படபடப்பு வந்து இதயத்துல பிரச்சினையாகி, பிழைச்சது பெரிய விஷயம். அதுலேருந்து நம்பர் உறுதியாகாம நான் மருந்துல கை வைக்கறதில்ல. இப்ப என் முன்னால ரெண்டு நம்பர் இருக்கு. எதை நம்பச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். அடுப்பக்கா யோசித்தாள். இந்த நாளில் யோசிப்பது என்பது அவளுக்கு ஈர மூட்டையைத் தூக்குகிற மாதிரி. ஆனாலும் தூக்கினாள்.

"ரெண்டும் அதே லேப்தானுங்களே?"

"ஆமா."

"அதே மெஷின். அதே ரத்தம். அதே மருந்து." அவள் விரலை மடக்கினாள். காலையில் அடுப்புக்குள் சாய்ந்து கிடந்த தட்டு கண் முன்னால் வந்து நின்றது. "அப்ப மெஷின் கெட்டுப்போகல டாக்டர். அதுக்குக் குறுக்க ஏதோ இருந்திருக்கு. இந்தத் தடவை அது இல்ல. நடுவுல என்ன மாறிச்சுன்னு பார்க்கணும்."

"என்ன மாறிச்சு? சாப்பாடு அதே சாப்பாடு" என்றார் வீட்டுக்காரர். "வேலை அதே வேலை. வீட்ல கூட எல்லாம் அப்படியே... சீப்பு மட்டும்தான் பன்னெண்டு நாள் ஊர்ல இல்லாம இருந்தா."

சீப்பு என்பது அவருடைய தங்கை. வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். சின்ன வயதிலிருந்து எப்போதும் சீப்பும் கையுமாக அலைவதால் அண்ணன் வைத்த பெயர். முடி வெட்டுவதில் ஏதோ புதுப் பயிற்சி என்று போய்விட்டு நேற்று மாலைதான் திரும்பியிருந்தாள்.

அடுப்பக்காவுக்குச் சுருக்கென்று உறைத்தது. முகம் சிவந்தது.

"டாக்டர்... தலைமுடிக்குன்னு ஒண்ணு சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"என்னது?" இது டாக்டர் இல்லை, வீட்டுக்காரர். "எனக்குத் தெரியாம என்ன மாத்திரை?"

"மாத்திரைன்னா மாத்திரை இல்லைங்க, அழகு சாமான். கொத்துக் கொத்தா முடி கொட்டுதுன்னு உங்க தங்கச்சிதான் பாவப்பட்டுக் குடுத்தா. தினம் காலைல வேலைக்குக் கிளம்பறப்ப ஒண்ணு. உங்ககிட்ட சொன்னா கிண்டல் பண்ணுவீங்கன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டோம். அவ டிரெஸ்ஸிங் டேபிள் டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டா. அதனால பன்னெண்டு நாளா சாப்பிடல."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களான்னு மூணு தடவையும் கேட்டேனேம்மா!"

"கேட்டீங்க. எங்க வீட்ல மருந்துன்னா மருந்துப் பெட்டியில இருக்கறதுதானுங்களே. இது டிரெஸ்ஸிங் டேபிள்ல இருந்துச்சு."

இதைக் கேட்டு வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு வரவில்லை. "அது என்னன்னு இப்பவே தெரியணும். போன் போடுங்க" என்றார்.

போனில் ஹேர் டிரையர் சத்தத்துக்கு மேல் சீப்பு கத்தினாள். "சொல்லுங்க அண்ணி! கஸ்டமர் தலையில இருக்கேன்!"

"அந்த முடி மாத்திரை டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிடீ."

"எதுக்கு? அண்ணா பக்கத்துல இல்லையே?"

"இருக்கேன்! படி!" என்றார் அண்ணா.

டிரையர் சட்டென்று நின்றது. டிராயர் திறக்கும் ஓசை. பிறகு பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி ஒரு குரல் வந்தது. "பயோட்டின்... பத்தாயிரம் மைக்ரோகிராம்னு போட்டிருக்கு அண்ணா."

டாக்டர் தன் மேஜை போனை எடுத்து லேபுக்குப் போட்டார். கேட்டார், கேட்டுக்கொண்டார், "ஓ" என்றார், இன்னொரு "ஓ" என்றார். வைத்தார்.

"அது ஒரு வைட்டமின்தான். ஆனா அவ்வளவு அளவுல சாப்பிட்டா, அவங்க மெஷின்ல இந்த நம்பர் குறைச்சுக் காட்டுமாம். குறைஞ்சது மூணு நாலு நாள் நிறுத்திட்டுத்தான் ரத்தம் எடுக்கணுமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தப் பத்தொன்பதுதான் நிஜம். முந்தின மூணும் பொய்."

தைராய்டு போதாமல் முடி கொட்டியது. முடி கொட்டியதால் மாத்திரை. அந்த மாத்திரை தைராய்டு போதாததையே மறைத்துவிட்டது. இந்த வட்டத்தில் ஒன்பது மாதமாகச் சுற்றியிருக்கிறாள் நம் அடுப்பக்கா.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழுதாள். "மூணு தடவை குளிருதுன்னு சொன்னேன் டாக்டர். மூணு தடவை."

"சொன்னீங்க." டாக்டர் அன்று முதல் தடவையாகக் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஸ்வெட்டரை, வீங்கின இமையை, மோதிரம் இல்லாத விரலை. "நீங்க சொன்னதைக் காதுல வாங்கிக்கல. என் தப்புதான்."

பிறகு அவர் செய்ததெல்லாம் நிஜமாகவே நல்ல டாக்டர் செய்கிற வேலை. நாடி பார்த்தார். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், பக்கத்து அறையிலேயே எடுத்து வந்தார்கள். இருபத்தைந்து மைக்ரோகிராமாக இருந்த தைராய்டு மாத்திரையை ஐம்பதாக எழுதினார்.

"ஐம்பது போதுமா டாக்டர்?"

"ஒரேயடியா ஏத்த மாட்டேன். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்த்துட்டு, பத்தலைன்னா மறுபடி ஏத்தறேன். உங்களுக்கு எது போதுமோ அதுவரைக்கும் ஏத்துவேன்."

அடுப்பைக் கூட அப்படித்தான் ஏற்ற வேண்டும், எடுத்த எடுப்பில் முறுக்கினால் மேலே கருகும், உள்ளே வேகாது. அதனால் இது அவளுக்கு ஒத்துவந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அதையும் எழுதிக் குடுங்க. 'எது போதுமோ அதுவரைக்கும்'னு. எங்க முதலாளியம்மாவுக்குக் காட்டணும்."

டாக்டர் சிரித்தேவிட்டார். தன் பெயர் போட்ட தாளை எடுத்து எழுதினார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு 'சரிங்க' கூட வரலையே!"

"ஒரு வாரம். பாத்திரம்."

"தெரியும், தெரியும்" என்று சலித்துக்கொண்டாலும், வண்டியை எடுக்கும்போது மனுஷர் சீட்டியடித்தார்.

முதலாளியம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்டிப்பானவர்தான். கரிந்த ரொட்டியில் ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார், எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று.

"ஆறு வாரம் தரேன். அதுவரைக்கும் உருண்டை மணிக்கூண்டு மாதிரி உன் பக்கத்துல நின்னு நேரம் சொல்லட்டும். ஆனா இன்னொரு தட்டு கருகிச்சு, அப்புறம் எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாலும் கேக்க மாட்டேன்."

"கருகாதும்மா."

"வேற ஆளையும் பார்த்தேன். அடுப்பைத் திறக்கறப்ப மூஞ்சைத் திருப்பிக்கறான். எனக்கே பிடிக்கல." முதலாளியம்மா எழுந்து போய் அந்தக் கரிந்த ரொட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் சீப்பு அழுது வீங்கிய கண்ணோடு பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு முன்னால் அந்த டப்பாக்கள் வரிசையாக நின்றன, ரோஸ் நிற மூடியோடு.

"நல்லது பண்றேன்னு உங்களை ஒன்பது மாசம் படுத்திட்டேனே அண்ணி!"

"அடியே, நீ பாவப்பட்டுத்தானே குடுத்தே? இந்த வீட்ல என் முடி கொட்டறதைப் பார்த்தவ நீ ஒருத்திதான். உங்க அண்ணனுக்குக் குளியலறைத் தண்ணி அடைச்சுக்கிட்டப்பதான் தெரிஞ்சுது."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன், "எல்லாம் காதுல விழுது!" என்றார்.

சீப்புக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுல ஆபத்து ஒண்ணும் இல்லையே? இன்னும் ஏழெட்டு கஸ்டமர் வாங்கறாங்க."

"தைராய்டு டெஸ்ட் எடுக்கறவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணுமாம். எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடு. யார் யாருன்னு பேர் இருக்கா?"

"இருக்கு. தையல்காரம்மா, ஸ்கூல் டீச்சரம்மா, மாடி வீட்டக்கா, அப்புறம்..." சீப்பு விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் நின்றாள். "அண்ணி. உங்க டாக்டரோட வீட்டம்மா."

"யாரு?"

"அவங்கதான். ரெண்டு மூணு மாசமா வாங்கறாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது, திட்டுவார்னு சொல்லி, பையில அடியில போட்டு எடுத்துட்டுப் போவாங்க. பாவம், இந்த வெயில்லயும் சால்வை போர்த்திக்கிட்டுத்தான் வர்றாங்க."

'டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு, நார்மல்' என்ற டாக்டரின் குரல் அடுப்பக்காவின் காதில் கேட்டது. போனை எடுத்தாள்.

"ஐயோ அண்ணி, அவங்களை மாட்டிவிடாதீங்க!"

"மாட்டிவிடலைடீ. குளிருதுன்னு அவங்க சொல்றதை அந்த வீட்ல யாராவது நம்பணும்."

மறுமுனையில் மணி அடித்தது. டாக்டரே எடுத்தார்.

"நான்தாங்க, காலைல வந்த பேக்கரிக்காரி. இல்லைங்க, எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன். நீங்க வீட்லதானே இருக்கீங்க? கோபப்படாம ஒரு காரியம் பண்ணணும். உங்க வீட்டம்மாவோட டிரெஸ்ஸிங் டேபிள் டிராயரைக் கொஞ்சம் திறந்து பாருங்க. ரோஸ் மூடி போட்ட டப்பா."

செருப்புச் சத்தம் நடந்து போனது. டிராயர் இழுபடும் ஓசை கேட்டது. தூரத்தில் ஒரு பெண்குரல், கரகரவென்று, அடுப்பக்காவின் குரலுக்கு உடன்பிறந்தது போல: "அதை எதுக்குங்க எடுக்கறீங்க? அது மருந்தில்ல, அழகு சாமான்!"

டப்பாவுக்குள் மாத்திரைகள் குலுங்கும் சத்தம் வந்தது.

"டாக்டர், இருக்கீங்களா? அவங்களைத் திட்டாதீங்க. நாலு நாள் அதை நிறுத்திட்டு, மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்க. அதுக்கு முன்னால, எங்கெங்க எப்படிக் குளிருதுன்னு பக்கத்துல உக்காந்து கேளுங்க."

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் கையில் சோப்பு நுரையோடு வாசல்படியில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

முப்பது வருட அனுபவமுள்ள டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்கம்மா" என்றார்.